வள்ளத்துக்கு மரம் நட்டது யாரு?

இன்னைக்கு ஒரு மரத்தைப் பத்திப் பேசப் போறேன். இன்னும் சரியாச் சொன்னா, அந்த மரத்தோட பழத்தை யாரெல்லாம் தின்னாங்க என்பதைப் பத்தி. கடலோர வரலாறு பேசுற இடத்துல அணிலுக்கும் இருவாச்சிக்கும் என்ன வேலைன்னு கேட்கலாம். கொஞ்சம் பொறுங்க, கரையிலிருந்தே தொடங்குறேன்.

எனக்கு ஊர் கடியப்பட்டணம். முட்டத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவுல இருக்கிற கடற்கரை ஊர். எங்க ஊர்ப் பக்கம் கடல்ல விழுற ஆறு வள்ளியாறு. மழைக்காலத்துல பொழி முறிஞ்சு செம்மண் கலங்கலா தண்ணி கடலுக்குள்ள நீளமா ஓடுறதைப் பார்த்தே வளர்ந்தோம். அந்தச் செம்மண் எங்கேயிருந்து வருதுன்னு சின்ன வயசுல யாரும் கேட்கிறதில்ல. வள்ளியாறு பிறக்கிறது வேளிமலையில. அடிவாரத்துல குமாரகோவில், பக்கத்துல பத்மநாபபுரம் அரண்மனை. மலையிலிருந்து எங்க பொழி வரைக்கும் ஒரு நாள் நடைதான். நம்ம மாவட்டத்தோட விசேஷமே அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலை இங்க வந்து முடியும்போது கடலுக்கு ரொம்பப் பக்கத்துல வந்துடும்.

மலைக்கும் கரைக்கும் இருந்த தொடர்பு தண்ணி மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க. பைபர் படகு வர்றதுக்கு முன்னாடி எங்க கரையில ரெண்டு வகைக் கலம் இருந்துது. ஒண்ணு கட்டுமரம். அதுக்கு இலேசான, தண்ணியில நல்லா மிதக்கிற மரம் வேணும். இன்னொண்ணு வள்ளம். வள்ளத்துக்கு உப்புத் தண்ணியையும் புழுவையும் தாங்குற மரம் வேணும். மாமரத்துலயும் வள்ளம் குடைவாங்க, ஆனா அது சீக்கிரம் போயிடும். பெரிய காசு போட்டுச் செய்யுறவங்க கேட்ட மரம் அயனி. மலையாளத்துல ஆஞ்ஞிலி. கேரளத்துல ஓணத்துக்குப் போட்டி விடுற சுண்டன் வள்ளம் எல்லாம் இந்த மரத்துலதான் செய்யுறாங்க. வெள்ளைக்காரன் காலத்து மர வியாபாரக் கணக்குகளில் இது 'ஆஞ்செலி' என்ற பெயரில் வரும். கப்பல் கட்டத் தேக்குக்கு அடுத்தபடியாக மதிக்கப்பட்ட மரங்களில் ஒன்று. எங்க பக்கத்துல வள்ளம் செஞ்ச ஒரு ஆசாரி, இப்ப வயசாயிட்டாரு, என்கிட்ட சொன்னாரு: "மக்ளே, அயனிப் பலகை உப்புல ஊற ஊறத்தான் உறுதியாவும். தண்ணியில கெடந்தா அது பாட்டுக்குக் கெடக்கும். வெயில்ல காயப் போட்டாத்தான் வாய் பொளக்கும்."

அப்ப கேள்வி இதுதான். அந்த அயனி மரங்களை நட்டது யாரு?

தேக்குன்னா பதில் இருக்கு. அரசாங்கம் நட்டுது. மலபார்ல நிலம்பூரில் 1840-களிலேயே தேக்குத் தோட்டம் போட்டாங்க, நட்டவங்க பெயர் முதற்கொண்டு எழுதி வெச்சிருக்காங்க. ரப்பரை நட்டது யாருன்னு தெரியும், தேயிலையை நட்டது யாருன்னு தெரியும். ஆனா கரையில் கிடந்த அந்தப் பழைய வள்ளங்களுக்கான மரம் ஒவ்வொண்ணும் நூறு வருஷத்துக்குக் குறையாத வயசுள்ளது. அந்த அளவு அடிமரம் இருந்தாத்தான் குடைய முடியும். அந்த மரங்கள் பெரும்பாலும் காட்டுலயும் மலையடிவார விளைகளிலும் தானா முளைச்சது. 'தானா'ங்கிற அந்த வார்த்தைக்குள்ளதான் இன்னைக்கான விஷயம் இருக்கு.

அயனிப் பழத்தைப் பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன். பலாவோட தம்பி மாதிரி, ஒரு கைக்குள்ள அடங்குற அளவு. மேல முள்ளு முள்ளா இருக்கும், ஆனா குத்தாது. பழுத்தா தோலைக் கையாலேயே உரிச்சிடலாம். உள்ளே ஆரஞ்சு நிறத்துல சின்னச் சின்னச் சுளை, ஒவ்வொரு சுளைக்குள்ளயும் ஒரு கொட்டை. எங்க பக்கம் அயனிச்சக்கைன்னு சொல்வோம். கோடையில பழுக்கும், இடவப்பாதி மழை வர்றதுக்கு முன்னாடி. கொட்டையை வறுத்துத் தின்னா நிலக்கடலை மாதிரி இருக்கும். இந்த மரம் உலகத்துலேயே இயற்கையா வளர்றது மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும்தான். மரம் பனையை விட உயரமாப் போயிடும். மேல பழுக்குற பழத்துக்கு மனுஷன் கை எட்டாது. கீழே விழுந்ததைத்தான் நாம பொறுக்கித் தின்னோம். மேல நின்னதைத் தின்னது வேற ஆளுங்க.

ஒரு அயனி பழுத்து நிக்கும்போது ஒரு நாள் முழுக்க அதுக்குக் கீழே உட்கார்ந்து பாருங்க, நான் உட்கார்ந்திருக்கேன். விடியக்காலையில அணில் வரும். முதுகுல மூணு கோடு போட்ட நம்ம வீட்டு அணில்பிள்ளைதான். நூறு கிராம் எடைகூட இருக்குமோ இருக்காதோ, ஆனா அதோட முன்பல்லு உளி. முள்ளுத் தோலைக் கடிச்சு ஒரு ஓட்டை போடும். ஒரு பழத்தை ஒழுங்காத் தின்னு முடிக்கிற பழக்கம் அதுக்குக் கிடையாது, பாதியில விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடும். அது திறந்து வெச்ச ஓட்டைக்கு மைனா வரும், கொண்டைக்குருவி வரும், வால்காக்கை வரும். வாயில்லாப் பூச்சிங்க சொல்ற மாதிரி, கதவைத் திறந்தது ஒருத்தன், பந்தியில உட்காருறது ஊரே. குக்குறுவானுக்கு மட்டும் இந்த உதவி தேவையில்ல, அதோட அலகு தடிச்சது, தானே குத்தித் திறந்துக்கும். இருட்டின பிறகு வௌவால் வரும், மரநாய் வரும். மலைக்காட்டுக்குள்ள இதே மரம்னா வீட்டு அணிலுக்குப் பதிலா மலையணில். ரெண்டு கிலோ கிட்ட எடை, மூக்குலேருந்து வால் நுனி வரைக்கும் ஒரு மீட்டர் நீளம் வரும். பின்னங்காலால கிளையைப் பிடிச்சுக்கிட்டு தலைகீழாத் தொங்கி, ரெண்டு கையாலயும் பழத்தைப் பிடிச்சு, நிதானமாத் தின்னும். பார்க்க ஒரு பெரிய மனுஷன் சாப்பிடுற மாதிரி இருக்கும்.

இதுல முக்கியமானது, எல்லாரும் ஒரே பழத்தைத் தின்னாலும் கொட்டைக்கு நடக்கிறது ஒண்ணு இல்ல. பறவைக்குப் பல்லு கிடையாது. சுளையை முழுங்கும், சதை செரிக்கும், கொட்டை முழுசா வேற எங்கேயோ விழும். அணிலுக்குச் சதையை விடக் கொட்டைதான் பல நேரம் முக்கியம், அதுலதான் மாவும் எண்ணெயும் இருக்கு. அது கொறிச்சுட்டா அந்த விதை அவ்வளவுதான். அப்ப பறவை நடுறவன், அணில் அழிக்கிறவன்னு முடிச்சுடலாமா? நூறு வருஷத்துக்கும் மேல ஏறக்குறைய அப்படித்தான் முடிச்சு வெச்சிருந்தாங்க.

ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுகளில் அலைந்தவர், 1878-ல் வெளியிட்ட வெப்பமண்டல இயற்கை பற்றிய புத்தகத்தில் இதைத் தெளிவாகச் சொல்கிறார். பழம் சிவப்பாவோ மஞ்சளாவோ பளிச்சுன்னு இருக்கிறது பறவையைக் கூப்பிட. கொட்டைக்காய்கள் பச்சையாவோ மண் நிறமாவோ இருக்கிறது அணில் போன்றவற்றின் கண்ணில் படாமல் ஒளிய. அழகான யோசனை, பெரும்பாலும் சரியும்கூட. ஆனா ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அணிலுக்கு இன்னொரு பேரும் இருந்துது. அங்கே குளிர்காலம் வரும். அணில் ஓக் கொட்டைகளை மண்ணுல ஆயிரக்கணக்குல புதைச்சு வெச்சுக்கும். மறந்துபோனது முளைக்கும். அந்த ஊர்க் காட்டுக்கு அணிலே ஒரு தோட்டக்காரன். நம்ம ஊர்ல குளிர்காலம் இல்ல. மலையணில் மரத்தை விட்டுக் கீழே இறங்குறதே அபூர்வம். கிடைச்சதை மேலேயே, கிளைக் கவட்டையில வெச்சுக்கும். அதனால நம்ம அணிலுக்குத் தோட்டக்காரன் பட்டம் கிடைக்கல.

இதுல முதல் திருப்பம் போர்னியோவுல வந்துது. பெக்கர், லெய்ட்டன், பெய்ன்னு மூணு ஆய்வாளர்கள் 1985-ல ஒரு கட்டுரை எழுதினாங்க. வெப்பமண்டல அணில்கள் ஏன் விதையைத் தாய்மரத்திலிருந்து தூக்கிட்டுப் போகுதுங்கிறதுதான் அவங்க கேட்ட கேள்வி. பழுத்த மரத்துல கூட்டம் ஜாஸ்தி, சண்டை ஜாஸ்தி, பருந்துக் கண்ணும் ஜாஸ்தி. அதனால அணில் ஒண்ணைக் கவ்விக்கிட்டு தள்ளிப் போய் உட்கார்ந்து தின்னும். போற வழியில நழுவி விழலாம், பாதி தின்னதும் எதையாவது பார்த்துப் பயந்து போட்டுட்டு ஓடலாம். அந்தக் கைதவறுதல்தான் நடவு. அயனி விதைக்கு இது ரொம்பப் பொருத்தம். ஏன்னா அயனிக் கொட்டையைக் காய வெச்சுச் சேமிக்க முடியாது, ஈரம் போச்சுன்னா உயிரும் போச்சு. விழுந்த சில வாரத்துல ஈர மண்ணு கிடைக்கணும். தாய்மரத்தடியில நூறு கொட்டை குவிஞ்சு கிடந்தா பன்னி தின்னுடும், பூஞ்சை பிடிச்சுடும். இருபது முப்பது மீட்டர் தள்ளி ஒண்ணே ஒண்ணு விழுந்தா அதுக்கு ஒரு வாய்ப்பு இருக்கு.

சரி, இதையெல்லாம் நம்ம மலையில அந்தக் காலத்துல யாராவது எழுதி வெச்சாங்களா?

திருவிதாங்கூர் சமஸ்தானத்தோட காட்டு நிர்வாகம் மரங்களை எப்படிப் பார்த்துதுன்னு முதல்ல சொல்லணும். நம்ம மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் அந்தப் பக்கம்தானே இருந்துது. தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் இந்த நாலும் சர்க்கார் மரம். யார் நிலத்துல நின்னாலும் அரசுக்குச் சொந்தம். மத்த மரங்களுக்கு அந்தந்த மதிப்பு, அந்தந்த வரி. காட்டுக் கன்சர்வேட்டராக இருந்த டி.எஃப். போர்டில்லன் 1893-ல் திருவிதாங்கூர்க் காடுகளைப் பற்றிப் பெரிய அறிக்கை எழுதினார். 1908-ல் திருவிதாங்கூரின் காட்டு மரங்கள் பற்றித் தனிப் புத்தகமே போட்டார். இன்றைக்கும் அதைப் புரட்டாமல் நம்ம மலை மரங்களைப் பற்றி எழுத முடியாது. எனக்கு இதுல சுவாரசியமாத் தெரியுறது வேற ஒண்ணு. இதே போர்டில்லன்தான், திருவனந்தபுரம் அருங்காட்சியகத்துத் தலைவர் ஹெரால்ட் ஃபெர்குசனோடு சேர்ந்து, திருவிதாங்கூர்ப் பறவைகளைப் பற்றி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் 1900-களின் தொடக்கத்தில் தொடராக எழுதினவர். மரமும் தெரியும், பறவையும் தெரியும். ஆனா அந்தக் காலத்து ஏற்பாடு அப்படி: மரத்துக்கு ஒரு புத்தகம், கூட்டுக்கும் முட்டைக்கும் ஒரு கட்டுரை. அணில் வேற ஒரு அலமாரியில. அவரைக் குறை சொல்ல நமக்குத் தகுதி கிடையாது. சம்பளம் கொடுத்த அரசாங்கம் அவர்கிட்ட கேட்டது எத்தனை கண்டி மரம் கிடைக்கும்னுதான். எந்த மரத்தை எந்தப் பறவை நட்டுதுன்னு கேட்கல.

அதே காலத்துல மலை வேகமா மாறிக்கிட்டு இருந்துது. 1860-களில் அசம்பு மலையில வெள்ளைக்காரத் தோட்டக்காரங்க காபி போட்டாங்க. காபிக்காக வெட்டினது அடர்ந்த மழைக்காடு. 1869-ல இலங்கையில காபி இலைத் துரு நோய் தெரிய வந்துது, சில வருஷத்துல இந்தப் பக்கமும் வந்து தோட்டங்களைத் தின்னுட்டுது. அப்புறம் தேயிலை. இருபதாம் நூற்றாண்டுல ரப்பர். ஒவ்வொரு பயிருக்கும் ஒரு வரலாற்றுப் புத்தகம் இருக்கு. அந்த இடத்துல என்ன நின்னுதுங்கிறதுக்கு ஒரு பக்கம்கூட எழுதப்படாத சரிவுகள் நிறைய.

இங்க ஒரு சின்னக் கிளைக்கதை சொல்லியே ஆகணும். 1840 முதல் 1860 வரை திருவிதாங்கூர்ல பிரிட்டிஷ் ரெசிடென்டா இருந்தவர் ஜெனரல் வில்லியம் கல்லன். அரசியல்ல அவரைப் பிடிக்காதவங்க நிறைய, அது தனி அத்தியாயம். தாவரவியலாளர் ராபர்ட் வைட் நம்ம மலை மரம் ஒண்ணுக்கு அவர் பேரை வெச்சார், கல்லேனியா. நம்ம ஆளுங்க அதை வெடிப்பலான்னு சொல்வாங்க. தென்கிழக்கு ஆசியாவுல துரியன் பழம் இருக்கில்ல, அதோட நெருங்கின சொந்தம். வெளியில பார்த்தா அதே முள்ளுருண்டை. வெடிச்சுப் பார்த்தா உள்ளே திங்கிற சதையே இருக்காது, கொட்டை மட்டும்தான். நம்ம மலையில இருக்கிற இனத்துக்கு அறிவியல் பேரிலேயே 'சதையுறை இல்லாதது'ன்னு ஒட்டிட்டாங்க. சதை இல்லைன்னா பறவைக்கு அங்கே என்ன வேலை? ஒண்ணும் இல்ல. அந்த மரம் அணிலுக்கும் குரங்குக்கும் எழுதி வெச்ச சொத்து.

இதை ஒழுங்கா உட்கார்ந்து கணக்கெடுத்தது ரொம்பப் பிற்காலத்துல. மேல்கோதையாறுக்கு அந்தப் பக்கம், மாஞ்சோலை வழியா ஏறினா வர்ற ககாச்சி. 1988-ல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கிற இடம். அங்கே 1990-களில் டி.கணேஷ், பிரியா தாவிதார், சௌபத்ரா தேவி போன்றவங்க உயரமான மரங்கள் மேலேயே ஏறி உட்கார்ந்து, எந்த மரம் எப்பப் பூக்குது, எப்பப் பழுக்குது, யார் வர்றாங்கன்னு வருஷக்கணக்கா எழுதினாங்க. வெடிப்பலாப் பூவுக்கு இதழ் கிடையாது, சதைப்பற்றான புல்லிதான் இருக்கும். மத்த பழம் எதுவும் கிடைக்காத வறண்ட மாசங்கள்ல மலையணிலும் சிங்கவால் குரங்கும் அந்தப் பூவைத் தின்னுதான் பிழைக்குது. தின்னுற சாக்குல மகரந்தமும் கைமாறுது. கொட்டை திங்கிற 'அழிப்பவன்'னு நாம எழுதி வெச்ச அணில், அதே மரத்துல பூக்காலத்துல மகரந்தம் சேர்க்கிறவனா இருக்கான். ஒரே ஆளுக்கு ஒரே மரத்துல ரெண்டு உத்தியோகம்.

பறவைப் பக்கமும் இப்படித்தான் கலங்குது. பச்சைப்புறாவை எடுத்துக்குங்க. அத்தி மரத்துல கூட்டமா உட்கார்ந்து பழம் தின்னும், பார்க்கிறவங்க 'ஆகா, விதை பரப்புது'ன்னு நினைப்பாங்க. அதோட இரைப்பையில கல்லு கிடக்கும், அத்தி விதையைக்கூட அரைச்சு மாவாக்கிடும். மலேசியக் காட்டுல ஃபிராங்க் லாம்பர்ட் 1980-களில் ஆய்வு செஞ்சு இதை எழுதினார். கிளியும் அப்படித்தான், அலகாலேயே விதையை உடைச்சிடும். அப்ப யார் நடுறவன், யார் அழிக்கிறவன்ங்கிறது உடம்புல சிறகு இருக்கா ரோமம் இருக்காங்கிறதைப் பொறுத்தது இல்ல. பல்லு, அலகு, இரைப்பை, பழத்தோட அளவு, விதையோட அளவு, இத்தனையும் சேர்ந்து ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனியாத் தீர்மானமாகுது. அத்தி, ஆல் மாதிரி பொடி விதைன்னா அணில் தின்னாலும் கொஞ்சம் தப்பிச்சுடும். தாய்லாந்துல காவ் யாய் காட்டுல ஷும்பெய் கிடமுராவும் அவரோட ஆட்களும் இருநூத்தைம்பதுக்கும் மேற்பட்ட தாவரங்களோட பழங்களைப் பார்த்து 2002-ல வெளியிட்ட முடிவு இதுக்கு ஒத்துப்போகுது. சின்னப் பழத்துக்கும், பொடி விதை நிறைஞ்ச மென்மையான பழத்துக்கும் சாப்பிட ஊரே வரும். பெரிய ஒத்தைக் கொட்டை உள்ள பழத்தை நல்லபடியா தூக்கிட்டுப் போக ஒரு சிலரால்தான் முடியும். அந்த ஒரு சிலர்ல முக்கியமானவன் இருவாச்சி.

பந்தியில சாப்பாடு மட்டும்தான் பொதுன்னு இல்ல. இலங்கையில சிங்கராஜக் காட்டுல சரத் கோட்டகமவும் எபன் குடேலும் பறவைக் கூட்டங்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்தாங்க. பல இனப் பறவைகள் ஒரு ஜமா மாதிரி சேர்ந்து காட்டுக்குள்ள நகரும். அணிலும் கூடவே போகும். துடுப்புவால் கரிச்சான் அந்த ஜமாவுக்குக் காவல்காரன். பருந்து நிழல் தெரிஞ்சா அது கத்தும், எல்லாரும் உறைஞ்சு நிப்பாங்க. பாஷை வேற வேறன்னாலும் ஆபத்துக் குரல் எல்லாருக்கும் புரியுது.

இருவாச்சிக்கு வர்றேன். பெண் பறவை பெரிய மரத்துப் பொந்துக்குள்ள போய் உட்கார்ந்து, வாசலை அடைச்சுக்கிட்டு, மூணு நாலு மாசம் உள்ளேயே இருக்கும். ஆண் பழம் கொண்டுவந்து சின்ன இடுக்கு வழியா ஊட்டும். ரகுபதி கண்ணனும் டக்ளஸ் ஜேம்ஸும் 1990-களின் தொடக்கத்துல ஆனைமலையில இதை விரிவா ஆராய்ஞ்சாங்க. குஞ்சு வளர்ற காலமும், மழைக்கு முன்னாடி காட்டுல பழம் குவியுற காலமும் பொருந்தி வர்றதை அவங்க காட்டினாங்க. நம்ம அயனி பழுக்குறதும் அதே கோடையிலதான். இந்தப் பறவைக்கு ரெண்டு வேணும்: வருஷம் பூரா ஏதாவது ஒரு அத்தி பழுத்துக்கிட்டே இருக்கிற அளவுக்குப் பரந்த காடு, அப்புறம் உள்ளே பொந்து விழுந்த கிழட்டு மரம். ரெண்டாவதை யோசிச்சுப் பாருங்க. மர வியாபாரி கணக்குல பொந்து விழுந்த மரம்னா கழிவு, பலகை தேறாது. காட்டு நிர்வாகத்துக்கும் அது 'கெட்ட மரம்', வெட்டி ஒதுக்கி நல்ல கன்னுக்கு இடம் விடணும். கணக்குப் புத்தகத்துல மதிப்பே இல்லாத அந்த மரத்துலதான், மதிப்புள்ள மரங்களை நடுற பறவை பிறக்குது.

இப்ப கரைக்குத் திரும்புவோம், ரப்பர் வழியா. கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள்ல இன்னைக்குப் போனா மேட்டு நிலம் எல்லாம் ரப்பர். அரசு ரப்பர் கழகமே 1984-ல் உருவானது. ரப்பர் எத்தனையோ குடும்பத்தைப் படிக்க வெச்சிருக்கு, வீடு கட்ட வெச்சிருக்கு. அதை இளக்காரமாப் பேச நான் தயார் இல்ல. ஆனா பழம் திங்கிறவங்க கண்ணால பாருங்க. ரப்பர் காய் வெயில்ல 'டப்'புனு வெடிச்சு விதையைத் தானே எறிஞ்சுடும். அதுக்குப் பறவையும் வேண்டாம், அணிலும் வேண்டாம். சதை கிடையாது, விதையில சயனைடு விஷம் உண்டாக்குற பொருள் இருக்கு. ஏக்கர் கணக்குல நிழல் இருக்கு, ஒரு வாய் சோறு இல்ல. முன்னாடி அந்த மேட்டு நிலங்கள்ல இருந்தது விளை. எங்க பக்கம் ஊர்ப் பேர்ல பாதிக்கு 'விளை'ன்னு முடியும்: சின்னவிளை, பெரியவிளைன்னு. ஒரு விளைன்னா தென்னை, பலா, மா, புளி, கொல்லாமாவு, வேலியோரத்துல ரெண்டு அயனி. வேலியோரத்து அயனியை யாரும் நட்டதில்ல. பக்கத்து விளை மரத்துல தின்ன ஏதோ ஒண்ணு வேலியில உட்கார்ந்து போட்டுட்டுப் போனது. முளைச்சது முளைச்சதுன்னு விட்டு வெச்சாங்க, பொண்ணு கல்யாணத்துக்கு வெட்டினாங்க. அப்படி வெட்டினதுல சில தடி வள்ளியாத்து ஓரமா வண்டியில இறங்கி, எங்க கரையில வள்ளமாச்சு.

மரம் தீர்ந்துபோன கதைக்குக் கரையிலேயே ஒரு சாட்சி இருக்கு. 1980-களின் தொடக்கத்துல பக்கத்து ஊரான முட்டத்துல, கோட்டாறு சமூக சேவை சங்கத்தோட முயற்சியில, பிளைவுட் படகு கட்டுற பட்டறை ஒண்ணு தொடங்கிச்சு. வெளிநாட்டுப் படகு வடிவமைப்பாளர்கள் வந்து நம்ம ஆளுங்களோட உட்கார்ந்து, அலையை வெட்டி ஏறுற மாதிரி இலேசான படகு வரைஞ்சாங்க. அதைப் பத்திப் பேசுறவங்க பெரும்பாலும் இஞ்சினைப் பத்தியும் வேகத்தைப் பத்தியும் பேசுவாங்க. அதுவும் உண்மைதான். ஆனா அடிப்படைக் காரணங்கள்ல ஒண்ணு, வள்ளம் குடையுற அளவுக்குத் தடி கிடைக்கல, கிடைச்சாலும் விலை கட்டுபடியாகல. மலையில நூறு வருஷமா நடந்த ஒரு விஷயம், கடைசியில ஒரு மீனவனோட கடன் கணக்குல வந்து நின்னுது. அப்புறம் பைபர் வந்துது, வள்ளம் போச்சு. நான் அந்த ஆசாரிகிட்ட, பெரிய அயனித் தடி கடைசியா எப்ப வந்துதுன்னு கேட்டேன். அவர் வருஷம் சொல்லல. "என் மூத்த மவன் பொறக்கும்போது வந்த தடி, ஒத்தைத் தடியில முழு வள்ளம். அதுக்கப்புறம் ஒட்டுத்தான் போட்டோம்"னாரு.

மேல காடு இன்னும் இருக்கு. மாவட்டத்துல நானூறு சதுர கிலோமீட்டருக்கும் மேல வனவிலங்கு சரணாலயம். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. காளிகேசம், கீரிப்பாறைப் பக்கம் காலையில போனா மலையணில் கத்துறதைக் கேட்கலாம். துப்பாக்கி மாதிரி கடகடன்னு ஒரு சத்தம், முதல்ல கேட்கிறவங்க பறவைன்னுதான் நினைப்பாங்க. ஆனா அதுக்கு மரத்துக்கு மரம் தாவக் கிளை வேணும். நடுவுல அகலமா ஒரு ரோடு வந்தா, ஒரு தோட்டம் வந்தா, அந்தப் பக்கம் போகாது. பறவை அந்த இடைவெளியைப் பறந்து தாண்டிடும், வாயில இருக்கிற விதையும் தாண்டிடும். அதனால துண்டான காட்டுல முதல்ல குறையுறது அணில் நடுற மரங்களும் அணிலுக்கான மரங்களும். ஒரு சரிவுல பறவை கொண்டுவந்த அத்தியும் நாவலும் முளைச்சிருக்கும், வெடிப்பலா ஒண்ணுகூட இருக்காது. பச்சையா இருக்குன்னு தூரத்திலிருந்து பார்த்துட்டு நாம காடு திரும்பிட்டுதுன்னு சொல்லிடுவோம்.

கேட்கிறவங்கள்ல கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கரைக்காரங்க இருந்தீங்கன்னா ஒரு வேலை கொடுக்கிறேன். வீட்டுல பெரியவங்ககிட்ட, அவங்க ஏறின வள்ளம் என்ன மரம், தடி எந்த ஊர்லேருந்து வந்துது, யார் விளை மரம்னு கேளுங்க. தெரிஞ்சதை அவங்க குரல்லயே பதிவு பண்ணி எனக்கு அனுப்புங்க. மலைப்பக்கம் இருக்கிறவங்க, உங்க விளையில அயனி நின்னா வர்ற கோடையில ஒரு நாள் கீழே உட்கார்ந்து, யார் யார் வந்தாங்கன்னு வரிசையா எழுதுங்க. ராத்திரி டார்ச் அடிச்சும் பாருங்க, மரநாயை விட்டுடாதீங்க. அடுத்த பகுதியில புன்னைக்காயைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். அது முழுக்க முழுக்க வௌவால் கதை.